காயப்பட்ட மரத்தைத் தறிக்குமுன்

நெடுநாள் இடம்பெயர்வின் பின் வளவுக்குத் திரும்பும் குடும்பங்களை முதலில் வரவேற்பவை பெரும்பாலும் மரங்களே. வீடு தரைமட்டமாகி, வேலியும் எல்லைக்கல்லும் அழிந்த இடத்தில், மூலை வேம்பும் கிணற்றடி மாமரமுமே காணியை அடையாளங் காட்டுகின்றன. ஆனால் அவற்றிற் பல ஷெல் பட்டுக் கொப்பு முறிந்தோ, அடி கோறையாகியோ நிற்கும். 'இனி உதவாது' என்று கோடரியை எடுக்குமுன் சற்று ஆராய்வோம். கண்ணிவெடி அகற்றப்பட்டதென உறுதிசெய்யாத காணிக்குள் மட்டும் எக்காரணங் கொண்டும் இறங்கக் கூடாது.

பட்டையை நகத்தாற் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் இருந்தால் அப்பகுதிக்கு உயிருண்டு. மா, பலா, வேம்பு, புளி போன்றவற்றில் பட்டைக்கு அடியிலுள்ள மெல்லிய படையே வளர்கிறது, நடுவைரம் தாங்குவதற்கே. அதனாற்றான் கோறை விழுந்த புளியும் காய்க்கிறது. மரம் தன் காயத்தை ஆற்றுவதில்லை. உக்கலைச் சுவர்கட்டி அடைத்து, மேலே புதுமரம் வளர்க்கிறது. பல மரங்களைப் பிளந்து ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் அலெக்ஸ் ஷைகோ 1970களில் இதனை விளக்கினார். எனவே கோறைக்குள் சீமெந்து அடைப்பதும், இம்மரங்களின் வெட்டுவாயில் தார் பூசுவதும் இன்று கைவிடப்பட்டுள்ளன.

முறிந்த கொப்பை மூன்று வெட்டாக அகற்ற வேண்டும். அடிமரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, கீழ்ப்புறமாக மூன்றிலொரு பங்கு வாளால் அரியுங்கள். அதற்குச் சற்று வெளியே மேற்புறமாக அரிந்தால், பட்டை உரியாமற் கொப்பு விழும். மிஞ்சிய கட்டையை, கொப்பு அடிமரத்தோடு சேரும் தடித்த வளையத்துக்கு வெளியே அரியுங்கள். வளையத்தை வெட்டினால் காயம் மூடாது.

தென்னையும் பனையும் வேறு வகை. அவற்றின் தண்டிற் பட்ட காயம் ஒருநாளும் மூடாது. எனினும் குருத்து இருந்தால் மரம் பிழைக்கும். குருத்துப் போனால் மரமும் போயிற்று. தென்னையின் புதுக்காயத்தில் சிவப்புக் கூன்வண்டு முட்டையிடும். ஆகவே காயத்தைத் துப்புரவாக்கித் தார் பூசுவது இங்கு நன்று. ஏறுவதற்காகத் தண்டிற் படி வெட்டாதீர்கள்.

சில வேலைகளை அனுபவமுள்ள மரம் தறிப்பவரிடமே விடவேண்டும். மரம் புதிதாகச் சாய்ந்து வேரடி மண் வெடித்திருந்தால், அடியிற் காளான் தட்டுத்தட்டாக முளைத்திருந்தால், கவட்டில் ஆழமான பிளவு தெரிந்தால், பெருங்கொப்பு வீட்டுக்கு மேல் நின்றால், மாரிக்கு முன்னரே அவரை அழையுங்கள். மின்கம்பியருகே எனில் முதலில் மின்சார அலுவலகத்துக்கு அறிவியுங்கள். மரத்துள் ஷெற்துண்டோ சன்னமோ இருக்கலாமெனில் வாள் பிடிப்பவரிடம் மறைக்காதீர்கள். சுழலும் சங்கிலிவாள் இரும்பிற் பட்டால் ஆளையே காயப்படுத்தும்.

பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை அனுமதியின்றித் தறிப்பது 1951ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம். கிராம அலுவலரிடம் முதலில் விசாரியுங்கள்.

காய்க்காத அத்திமரத்துக்கு இன்னும் ஓராண்டு தவணை கேட்டு, சுற்றிக் கொத்தி எருப்போட முன்வந்த தோட்டக்காரனை நற்செய்தியில் அறிவோம். நம் வளவில் தப்பி நிற்கும் மரங்களுக்கும் அத்தவணையைக் கொடுப்போம்.