படத்தில் இடம்பெறாத படகு

தொடக்க வகுப்புகளின் கணக்கு நூல்களில் தரவுகளைக் கையாளும் பாடம் பெரும்பாலும் கடைசிப் பக்கங்களிலேயே அமைகிறது. ஆண்டுத் தேர்வு நெருங்கும் வேளையில் அது விரைந்து முடிக்கப்படுவதும் உண்டு. படத்தில் உள்ள ஆப்பிள்களை எண்ணி விடை எழுதினால் போதும் என்று மாணவர் கருதிவிடுகின்றனர். ஒரு விளக்கப்படத்தை வாசிக்கக் கற்றவரோ, அதில் இருப்பதைக் கூறுவதுடன், அதில் விடுபட்டது எது என்றும் கேட்கத் தெரிந்தவராதல் வேண்டும். சிறுவர்க்கு இதனைக் கற்பிக்கும் முறையை ஓர் எடுத்துக்காட்டின் வழியே காண்போம்.

பிரம்மபுத்திரா ஆற்றின் தென்கரையில் கவுகாத்தி நகரம் அமைந்துள்ளது. எதிர்க்கரையில் இருப்பது வடக்குக் கவுகாத்தி. இரு கரைகளுக்கும் இடையே பயணிகள் படகில் சென்று வருகின்றனர். தென்கரையில் ஒரு பள்ளியின் நான்காம் வகுப்பில் 40 மாணவர் பயில்வதாகக் கொள்வோம். அவர்கள் பள்ளிக்கு எவ்வாறு வருகின்றனர் என்பதே வினா.

முதலில் தாளும் எழுதுகோலும் தேவையில்லை. பேருந்தில் வருவோர் ஒரு வரிசை, நடந்து வருவோர் ஒரு வரிசை என மாணவரையே நிற்கச் செய்யலாம். அப்போது ஒரு வேடிக்கை நிகழும். நெருங்கி நிற்கும் பதினொருவரின் வரிசையைவிட, இடைவெளி விட்டு நிற்கும் எழுவரின் வரிசை நீளமாகத் தோன்றும். எந்த வரிசை பெரிது என்று மாணவர் வாதிடுவர். அந்த வாதத்தை ஆசிரியர் உடனே தீர்த்து வைத்தல் கூடாது. ஆளுக்கு ஒரு காலித் தீப்பெட்டியைக் கொடுத்து, ஒரே கோட்டிலிருந்து தொடங்கி இடைவெளியின்றி அடுக்கச் சொன்னால், உண்மை அவர்களுக்கே புலப்படும். பட்டை விளக்கப்படத்தின் இலக்கணம் முழுவதும் இந்தத் தீப்பெட்டி வரிசைகளில் அடங்கியிருக்கிறது.

இனி ஒரு சிக்கல் எழும். வடகரையிலிருந்து வரும் சிறுமி ஒருத்தி படகில் ஆற்றைக் கடந்து, துறையிலிருந்து பேருந்தில் ஏறி வருகிறாள். அவள் எந்த வரிசையில் நிற்பது? இதற்கு இயற்கையான விடை என ஒன்றில்லை. எண்ணத் தொடங்குமுன் வகுப்பே ஒரு விதியை வகுத்துக்கொள்ளவேண்டும். 'பள்ளி வாயிலில் எதிலிருந்து இறங்குகிறீர்கள்?' என்று விதி செய்தால் அவள் பேருந்து வரிசைக்குப் போவாள். 'வீட்டிலிருந்து புறப்பட்டு முதலில் ஏறுவது எது?' என்று செய்தால் படகுக்குத் தனி வரிசை பிறக்கும். அறிவியலாரும் இவ்வாறே செய்கின்றனர். நான்கு துளி தூறினாலும் அது மழை பெய்த நாளா? இந்திய வானிலை ஆய்வுத் துறை, 2.5 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் மழை பதிவான நாளையே மழை நாள் எனக் கணக்கிடுகிறது.

இரண்டாம் விதியை ஏற்ற வகுப்பு, நேர்க்கோட்டுக் குறிகளால் பின்வருமாறு குறிக்கிறது எனக் கொள்வோம்: பேருந்து 16, நடை 11, மிதிவண்டி 7, ஆட்டோ 5, படகு 1. நான்கு நேர்க்கோடுகளின் குறுக்கே ஐந்தாவதை இழுத்துக் கட்டாக்கும் இம்முறை சிறுவர்க்கு எளிதில் கைவரும்.

பட விளக்கப்படம் வரைவதில்தான் கவனம் தேவை. 16 பேருந்துகளை வரைவது அலுப்பூட்டும் வேலை. ஆகவே, ஒரு படம் 5 மாணவரைக் குறிக்கும் என்று மாணவர் முடிவு செய்வர். மீதியை என்ன செய்வது என்று தெரியாமல் விட்டும்விடுவர். விளைவு யாது? பேருந்துக்கு 3 படங்கள், நடைக்கு 2, மிதிவண்டிக்கு 1, ஆட்டோவுக்கு 1. படகின் வரிசை வெறுமையாக நிற்கிறது. ஏழு பேரும் ஐந்து பேரும் படத்தில் சமமாகிவிட்டனர். 7 படங்களை ஐந்தால் பெருக்கினால் 35 பேரே கிடைப்பர். 'மற்ற ஐவர் எங்கே?' என்று ஆசிரியர் கேட்கவேண்டிய இடம் இதுவே.

அளவுத்திட்டத்தை மாற்றி, ஒரு படம் 2 மாணவரைக் குறிக்கும் என்று கொண்டால், பாதிப் படம் ஒருவரைக் குறிக்கும். அப்போது பேருந்துக்கு 8, நடைக்கு ஐந்தரை, மிதிவண்டிக்கு மூன்றரை, ஆட்டோவுக்கு இரண்டரை, படகுக்கு அரை. இருபது படங்களில் நாற்பது பேரும் வந்துவிட்டனர்.

இது சிறுவர் வகுப்பின் சிக்கல் மட்டுமன்று. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மொழி அட்டவணை, நாடு முழுவதும் 10,000 அல்லது அதற்கு மேற்பட்டோர் பேசுவனவற்றைத் தொகுத்து 121 மொழிகளாகக் காட்டுகிறது. எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளும் அவற்றுள் அடங்கும். அந்த எல்லைக்குக் கீழே உள்ளவை 'பிற' என்னும் தலைப்பில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டுள்ளன. நாடளாவிய அட்டவணைக்கு ஓர் எல்லை தேவைதான். ஆனால், தன் தாய்மொழியை அதில் தேடி, 'பிற' என்ற சொல்லை மட்டும் காணும் மாணவனுக்கு, அந்த எல்லை எங்கே வரையப்பட்டது என்பதையாவது சொல்லித்தர வேண்டும்.

படம் முடிந்தபின் கேட்கும் வினாக்கள் ஒரே தரத்தன அல்ல. 'ஆட்டோவில் வருவோர் எத்தனை பேர்?' என்பதற்குப் பார்த்தவுடன் விடை கூறலாம். 'நடந்து வருவோரைவிடப் பேருந்தில் வருவோர் எத்தனை பேர் அதிகம்?' என்பதற்கு இரு வரிசைகளை ஒப்பிடவேண்டும். 'நடந்து வருவோர் அனைவரும் பள்ளிக்கு அருகில் வசிப்பவரா?' என்று கேட்டால் பலரும் 'ஆம்' என்று உரக்கக் கூறுவர். தொலைவைப் பற்றி அவர்களிடம் எவரும் கேட்கவேயில்லை! 'இந்தப் படத்திலிருந்து கூற இயலாது' என்பதும் ஒரு முழுமையான விடையே. அதற்கும் மதிப்பெண் வழங்குதல் நன்று.

மழைக்காலத்தில் ஆற்றில் வெள்ளம் பெருகினால் படகுகள் நிறுத்தப்படும். மறுநாள் வகுப்புத் தேர்வை வைக்கலாமா என்று எண்ணும் ஆசிரியர், சுவரில் மாட்டிய விளக்கப்படத்தை நிமிர்ந்து பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டிரண்டாக வரைந்த தாளில் ஓர் அரைப் படகு இருக்கிறது. ஐந்தைந்தாக வரைந்த தாளில் எல்லாரும் வந்துவிடுவார்கள்.