மூட்டமா, உறைபனியா? ஊட்டியின் விடுமுறை வானிலை

அரையாண்டுத் தேர்வு முடியும் நேரத்தில் ஊட்டி விடுதிகளுக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில், வாடகைக்கு அடுத்தபடியாகக் கேட்கப்படுவது ஒன்றுதான்: "பனி இருக்குமா சார்?" வரவேற்பில் இருப்பவர் "இருக்கும் சார், வாங்க" என்பார். வேறென்ன சொல்ல முடியும்? கேட்பவர் மனதில் இருப்பது புல்வெளி முழுக்க வெள்ளை பூத்துக் கிடக்கும் உறைபனி. டிசம்பர் கடைசி வாரத்தில் அது கிடைக்கலாம். எதிரே வரும் வண்டியே தெரியாத மேகமூட்டமும் நாள் முழுக்க நசநசக்கும் தூறலும் கிடைக்கவும் அதே அளவு வாய்ப்பு உண்டு. எது வரும் என்பதை முடிவுசெய்வது ஊட்டியின் குளிர் அல்ல, வங்கக் கடல்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீள்கிறது. சில ஆண்டுகளில் பொங்கல் வரைகூட விடைபெறாமல் இழுத்தடிக்கும். தென்மேற்கு வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவானால் போதும், கிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டி மேலேறி, நீலகிரி முழுவதையும் மேகத்துக்குள் வைத்துவிடும். டிசம்பர் பிற்பாதி என்றால் மழை ஓய்ந்திருக்கும் என்ற நினைப்பைப் பலமுறை கடல் பொய்யாக்கியிருக்கிறது. 2011இல் 'தானே' புயல் கடலூர், புதுச்சேரி கரையைத் தாக்கியது டிசம்பர் 30 அன்று. 2023இல் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களை மூழ்கடித்த பெருமழை கொட்டியது டிசம்பர் 17, 18 தேதிகளில். கடலோரத்தில் நடப்பது மலைக்கு என்ன என்று கேட்கலாம். அந்த மேகத்தின் ஓரம் தொட்டாலே ஊட்டியில் உறைபனி கிடையாது.

மேகம் இருக்கும் நாளில் ஊட்டியின் பகல் வெப்பம் 14, 15 டிகிரியைத் தாண்டத் திணறும். இரவிலோ பத்து டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்காது. பகலுக்கும் இரவுக்கும் பெரிய வித்தியாசமே இருக்காது. ஈரத்தோடு வரும் இந்தக் குளிர்தான் எலும்பில் ஏறும். வானம் தெளிந்த நாளின் கதை நேர்மாறு. பகலில் 20 டிகிரிக்கு மேல் வெயில் சுள்ளென்று அடிக்கும். 2,240 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் தோல் கறுக்கும் அளவுக்கு அடிக்கும். சூரியன் மறைந்த ஒரு மணி நேரத்தில் கையுறை தேடவேண்டி வரும். விடியற்காலையில் 3, 4 டிகிரி. ஜனவரி மாதத்தின் சராசரிக் குறைந்தபட்ச வெப்பநிலை 6, 7 டிகிரி அளவில்தான் இருக்கிறது என்றாலும், மூட்டமான இரவுகளையும் தெளிந்த இரவுகளையும் சேர்த்துக் கூட்டி வகுத்த எண் அது. அதை மட்டும் பார்த்துப் பெட்டி கட்டுபவர் இரண்டு விதத்திலும் ஏமாறுவார்.

இரவில் நடப்பது என்ன?

பகலில் வாங்கிய வெப்பத்தை நிலம் இரவு முழுக்க வானத்துக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கிறது. மேகம் இருந்தால் அது கம்பளிபோல் அந்த வெப்பத்தில் பெரும்பகுதியைத் திரும்பக் கீழே அனுப்பும். மேகம் இல்லை, காற்றும் அசையவில்லை, காற்றில் ஈரமும் குறைவு என்றால் வெப்பம் தடையில்லாமல் போய்விடும். முதலில் குளிர்வது காற்றல்ல; புல், இலை, கார் கூரை, பைக் சீட். அவற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய காற்றுப்படலம் பிறகு குளிர்கிறது. புல்லின் மேற்பரப்பு பூஜ்ஜியத்துக்குக் கீழே போய்விட்டால், காற்றிலுள்ள நீராவி துளியாக மாறாமல் நேரடியாகப் பனிப்படிகமாக அதன்மீது படிகிறது. துளியாகப் படிந்தால் நீர்ப்பனி, படிகமாகப் படிந்தால் உறைபனி. நீலகிரியில் நவம்பரில் நீர்ப்பனி ஆரம்பிக்கும், அதன் பின்னால் உறைபனி வரும் என்பது வழக்கமான வரிசை. மழை நீண்ட ஆண்டுகளில் இந்த வரிசையே தள்ளிப்போகிறது.

குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் வழிந்து இறங்கிப் பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால்தான் உறைபனி என்றதும் உள்ளூர்க்காரர்கள் சொல்லும் பெயர்கள் எல்லாம் தாழ்வான இடங்களாக இருக்கின்றன: கூடலூர் சாலையில் தலைகுந்தா, ஊருக்குள்ளேயே காந்தல், குதிரைப் பந்தய மைதானம், தாவரவியல் பூங்காவின் அடிவாரப் புல்தரை, தூரத்தில் அவலாஞ்சி. உயரமான இடம்தானே அதிகம் குளிரும் என்று 2,637 மீட்டர் தொட்டபெட்டாவுக்கு விடியற்காலையில் வண்டி எடுப்பவர்கள் உண்டு. பகலில் அவர்கள் கணக்கு சரி. அசைவில்லாத ஜனவரி இரவில் மலைச் சரிவின் நடுவே இருக்கும் வீடு, கீழே ஓடையோரம் இருக்கும் வீட்டைவிடச் சற்று வெதுவெதுப்பாகவே இருக்கும்.

ஆண்டுதோறும் கிளம்பும் 'மைனஸ்' சண்டைக்கும் இங்கேதான் விடை. ஜனவரியில் ஏதாவதொரு காலை "ஊட்டியில் மைனஸ் டிகிரி, மினி காஷ்மீர் ஆனது" என்று தொலைக்காட்சிகள் அலறும்; வானிலை ஆய்வு மையத்தின் அன்றைய குறிப்பிலோ 3 டிகிரி, 4 டிகிரி என்று இருக்கும். யாரோ ஒருவர் பொய் சொல்வதாகச் சமூக வலைதளத்தில் வாக்குவாதம் நடக்கும். யாரும் பொய் சொல்லவில்லை. அதிகாரப்பூர்வ வெப்பமானி, தரையிலிருந்து ஏறத்தாழ நாலடி உயரத்தில், காற்று புகும் வெள்ளை மரப்பெட்டிக்குள் இருக்கிறது. உலகம் முழுக்க அப்படித்தான் அளக்கிறார்கள். அப்போதுதான் ஓர் ஊரை இன்னொரு ஊரோடு ஒப்பிட முடியும். தெளிந்த இரவில் புல்நுனி அந்தப் பெட்டியைவிட நான்கைந்து டிகிரி குறைவாக இருக்க முடியும். பெட்டியில் 3 டிகிரி என்றால் புல்லில் உறைபனி. அதோடு, அளக்கும் இடமும் தலைகுந்தாவும் ஒன்றல்ல. 'மினி காஷ்மீர்' என்ற சொல்லுக்கு மட்டும் சாக்கு கிடையாது. காஷ்மீரில் வானத்திலிருந்து விழுவது வேறு, இங்கே புல்லில் படிவது வேறு. பனிமழை எதிர்பார்த்து வரும் குழந்தைகளுக்கு இதை முன்னாடியே சொல்லிவிடுவது நல்லது.

முன்னறிவிப்பை எவ்வளவு நம்பலாம்?

இந்திய வானிலை ஆய்வுத் துறை டிசம்பர் தொடக்கத்தில் குளிர்காலத்துக்கான மூன்று மாதக் கணிப்பை வெளியிடுகிறது. இரவு வெப்பநிலை வழக்கத்தைவிடக் கூடுதலா, குறைவா என்பதைப் பெரும் நிலப்பரப்புக்குச் சொல்லும் கணிப்பு அது. டிசம்பர் 27ஆம் தேதி தலைகுந்தாவில் என்ன நடக்கும் என்பதற்கு அதில் பதில் கிடையாது. எல் நினோ, லா நினா பேச்சும் அப்படித்தான். எல் நினோ ஆண்டுகளில் வடகிழக்குப் பருவமழை வலுப்பதற்குச் சற்றுக் கூடுதல் வாய்ப்பு என்பது உண்மை. அதை வைத்து ஓர் ஊரின் கிறிஸ்துமஸ் வாரத்தைச் சொல்ல முடியாது.

இரண்டு மூன்று வாரங்களுக்கு முன் கிடைக்கக்கூடிய ஓரளவு நல்ல தடயம், மேடன்-ஜூலியன் அலைவு. நிலநடுக்கோட்டை ஒட்டி 30 முதல் 60 நாட்களில் பூமியைச் சுற்றிவரும் மேகக் கூட்டம் இது. அது இந்தியப் பெருங்கடல் பக்கம் இருக்கும் நாட்களில் வங்கக் கடலில் தாழ்வுப் பகுதிகள் உருவாக வாய்ப்பு கூடும். பசிபிக் பக்கம் நகர்ந்துவிட்டால் நம் பக்கம் வானம் வெளுக்கும். தமிழில் வானிலைப் பதிவு எழுதும் தன்னார்வலர்கள் இப்போது இதையெல்லாம் கரைத்துக் குடித்திருக்கிறார்கள். அவர்களில் தேதி போட்டு அடித்துச் சொல்பவரைவிட, "இப்போதைக்கு இப்படித் தெரிகிறது" என்று எழுதுபவரை நம்பலாம்.

நாளைக் குறித்துச் சொல்லும் கணிப்புக்கு மதிப்பு ஐந்து நாட்கள் அளவில்தான். சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் தினசரி அறிக்கையில், இந்தப் பருவத்தில் ஒரு வரி அடிக்கடி வரும்: நீலகிரி மாவட்டம், கொடைக்கானல் பகுதிகளில் ஓரிரு இடங்களில் இரவில் உறைபனி ஏற்பட வாய்ப்பு. 'ஓரிரு இடங்கள்' என்பதற்குத் துறையில் கணக்கு உண்டு. ஒரு பகுதியிலுள்ள நிலையங்களில் கால்வாசிக்கு மேல் போகாது என்று பொருள். அந்த வரி வந்தால் பள்ளத்தாக்குகளைத் தேடிப் போகலாம். அறைக்கு வெளியே வெள்ளைப் புல்தரை காத்திருக்கும் என்று எண்ண வேண்டாம்.

மாலை ஆறு மணிக்கு மேல் வானத்தைப் பார்ப்பதும் பழுதில்லாத முறை. நட்சத்திரம் பளிச்சென்று தெரிகிறது, மரக்கிளை ஆடவில்லை, காற்று வறண்டிருக்கிறது என்றால் மறுநாள் காலைக்கு அலாரம் வைக்கலாம். டிசம்பர் இறுதியில் ஊட்டியில் சூரியன் உதிப்பது 6.35 மணியை ஒட்டி. வெயில் விழுந்த இடத்தில் உறைபனி எட்டு, எட்டரைக்குள் கரைந்துவிடும். மேட்டுப்பாளையத்தில் சிற்றுண்டி முடித்துவிட்டு ஏறி வருபவர்கள் பார்ப்பது ஈரப் புல்லைத்தான்.

கருகும் கொழுந்து

சுற்றுலாப் பயணிக்கு இது ஒரு காலைநேரக் காட்சி. தேயிலை வைத்திருப்பவருக்குக் கொழுந்து கருகும் காலம். உறைந்த இலைமீது வெயில் சட்டென்று விழும்போது திசு சிதைந்து, இரண்டொரு நாளில் செடியின் மேல்பரப்பு தீய்ந்ததுபோல் பழுப்பாகிவிடும். அதிலும் காற்று மிக வறண்ட இரவுகள் மோசம். வெள்ளையாக எதுவும் படியாது, படம் எடுக்க ஒன்றும் இருக்காது, இலை மட்டும் கருகியிருக்கும். ஓடையோரத்துத் தோட்டங்கள்தான் எப்போதும் முதலில் அடிவாங்கும்.

தாவரவியல் பூங்காவில் இதற்கு இரண்டு கைவைத்தியங்கள் உண்டு. நாற்றுகள்மீதும் மலர்ப் பாத்திகள்மீதும் மாலையிலேயே கோத்தகிரி மிலார் செடிகளைக் கவிழ்த்து மூடிவைப்பார்கள். புல்தரைக்கு அதிகாலையில், வெயில் வருமுன், தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைத்துவிடுவார்கள். பூங்காவுக்குள் காய்ந்த செடிக்குவியல் கிடக்கிறதே, கூட்டிப் பெருக்கவில்லையா என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

கேத்தி பாலாடா பக்கம் கேரட் அறுவடை இந்தக் குளிரிலும் நிற்பதில்லை. காலையில் லாரி ஏறவேண்டும் என்பதால் நள்ளிரவுக்கு மேலேயே தலைவிளக்கு கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்குகிறார்கள். பிடுங்கிய கேரட் கழுவும் இயந்திரத்துக்குப் போகிறது. அங்கே நிற்பவர்களின் கை அந்தத் தண்ணீரிலேயே இருக்கிறது. உறைபனிச் செய்திகளில் தீ மூட்டிக் குளிர்காயும் சுற்றுலாப் பயணிகளின் படம்தான் எப்போதும் வரும். இவர்கள் படம் அபூர்வம்.

நீலகிரியின் நில அமைப்பிலேயே உறைபனிக்குப் பங்கு உண்டு என்று தாவரவியலாளர்களில் ஒரு சாரார் நீண்டகாலமாகச் சொல்லிவருகிறார்கள். மடிப்புகளில் சோலைக்காடு, வெளிகளில் புல் என்ற அமைப்பு இங்கே நிலைத்திருப்பதற்கு, சோலை மரங்களின் இளங்கன்றுகள் திறந்தவெளி உறைபனியில் பிழைப்பதில்லை என்பதும் ஒரு காரணம் என்கிறார்கள். குளிரைத் தாங்கும் ரோடோடென்ட்ரான் மட்டும் புல்வெளியில் தனியாக நிற்பதைப் பார்க்கும்போது அந்த வாதத்தில் விஷயம் இருப்பதாகவே தோன்றுகிறது.

போகிறவர்களுக்கு

டிசம்பர் பயணத்தில் நிஜமான ஆபத்து குளிரால் அல்ல, மழையால். 2009 நவம்பரில் நீலகிரியில் நடந்த நிலச்சரிவுகளில் 40 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். மழை விடாமல் பெய்த வாரத்தில், வெயில் வந்தபிறகும் மண் இளகியே இருக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டர் ஏறிவரும் மலை ரயில் முதலில் நிற்பது இதனால்தான். கல்லாறு, அடர்லி, ஹில்குரோவ் பக்கம் பாறையும் மண்ணும் தண்டவாளத்தில் விழுந்தால் ரத்து. ரயிலை மட்டும் நம்பித் திட்டம் போடாதீர்கள். மாவட்டத்துக்கு மஞ்சள் எச்சரிக்கை என்றால் விழிப்பாக இருந்தால் போதும். ஆரஞ்சு என்றால், அதாவது ஒரே நாளில் 12 முதல் 20 சென்டிமீட்டர் மழைக்கு வாய்ப்பு என்றால், பயணத்தைத் தள்ளிவைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஊட்டிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே மாதம் முதல் இ-பாஸ் நடைமுறை இருக்கிறது, அதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

மூட்டத்தில் மலைச்சாலையில் வண்டியின் உயர்விளக்கைப் போட்டால் வெளிச்சம் முகத்தில்தான் திரும்ப அடிக்கும், தாழ்விளக்கே போதும். காலையில் கார்க் கண்ணாடியில் பனி படிந்திருந்தால் வெந்நீர் ஊற்ற வேண்டாம், விரிசல் விடும்.

இன்னொன்றை விடுதிக்காரர்களும் சொல்ல வேண்டும், பலர் சொல்வதில்லை. இரவில் கறி சுட்ட அடுப்பை, கங்கு அணையவில்லையே என்று குளிருக்காக அறைக்குள் எடுத்துவைத்துக் கதவை அடைத்துப் படுப்பவர்கள் இருக்கிறார்கள். கரியிலிருந்து கிளம்பும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். மலை ஊர்களில் இப்படிச் சாவுகள் நடந்திருக்கின்றன. அறை குளிர்ந்தால் இன்னொரு கம்பளி கேளுங்கள், தருவார்கள்.