அம்மாவோட பட்டன் போன்: 20 வருஷப் பழக்கத்தை எப்படி மாத்துறது?

இந்த வாரம் டேட்டாபேஸ் இண்டெக்ஸ் பத்திப் பேசுறேன்னு சொல்லியிருந்தேன். அது அடுத்த எபிசோடுக்குத் தள்ளிப் போகுது. இன்னைக்கு என் அம்மாவோட போன் பத்திப் பேசப் போறோம். சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனா சாஃப்ட்வேர் எழுதுறவன்ங்கிற முறையில கடந்த மூணு மாசத்துல நான் அதிகமா கத்துக்கிட்டது இதுல இருந்துதான்.

அம்மாவுக்கு வயசு 61. கோவில்பட்டியில தனியா இருக்காங்க. அப்பா இறந்து ஆறு வருஷம் ஆச்சு. அக்கா சிங்கப்பூர்ல, நான் சென்னையில. 2005-ல அப்பா வாங்கிக் குடுத்த நோக்கியா 1100-தான் அம்மாவோட ஒரே போன். ரெண்டு பேட்டரி, ஒரு மேல் மூடி, ஒரு கீபேட் ரப்பர் மாத்தியிருக்கோம். மத்தபடி அதே போன்தான்.

"இதை மாத்திடலாம்மா"ன்னு நான் சொல்ல ஆரம்பிச்சு அஞ்சு வருஷம் இருக்கும். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான்: "பேசினா கேக்குது. வேற என்னய்யா வேணும்?" அந்தக் கேள்விக்கு என்கிட்ட நேர்மையான பதில் இல்லாமத்தான் இருந்துச்சு.

அந்த போன் ஏன் இவ்வளவு நாள் உழைச்சது?

நோக்கியா 1100 வந்தது 2003-ல. உலகம் முழுக்க சுமார் 25 கோடி போன் வித்திருக்கு. 2005-ல நோக்கியா தன்னோட நூறு கோடியாவது போனை வித்தது நைஜீரியாவுல. அதுவும் ஒரு 1100-தான். நம்ம ஊர் மாதிரி தூசி, வேர்வை, கரண்ட் கட் இருக்குற இடங்களை மனசுல வச்சே செஞ்ச போன் அது. கீபேட் முழுக்க ஒரே ரப்பர் தகடு, அதனால பட்டனுக்கு நடுவுல தூசி போக இடுக்கு கிடையாது. தலையில ஒரு டார்ச்.

பேட்டரி வெறும் 850 எம்ஏஎச். பேசாம சும்மா வச்சிருந்தா 400 மணி நேரம் வரைக்கும் தாங்கும்னு கம்பெனி சொன்னாங்க. இன்னைக்கு 5000 எம்ஏஎச் பேட்டரியை ரெண்டு நாள் ஓட்டுறதே நமக்குப் பெருசா இருக்கு. ஏன்?

ஒண்ணு, திரை. 1100-ல 96க்கு 65, அதாவது மொத்தம் 6,240 புள்ளி. இப்ப ஒரு சாதாரண ஸ்மார்ட்போன்ல 1080க்கு 2400, சுமார் 26 லட்சம் புள்ளி. நானூறு மடங்குக்கு மேல. அத்தனையும் கலர், அத்தனைக்கும் வெளிச்சம் வேணும்.

ரெண்டு, வேலை. பட்டன் போன் பெரும்பாலான நேரம் தூங்கிக்கிட்டு இருக்கும். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை கண்ணைத் திறந்து "எனக்குக் கால் வந்திருக்கா?"ன்னு டவர் சொல்றதைக் கேக்கும். இல்லைன்னா திரும்பத் தூங்கிடும். ஸ்மார்ட்போனும் இதைச் செய்யுது. ஆனா அதோட சேர்த்து மெயில், வாட்ஸ்அப், லொக்கேஷன், அப்டேட்னு ஆளுக்கு ஒரு பக்கம் அதைத் தட்டி எழுப்பிக்கிட்டே இருப்பாங்க.

அப்புறம் ஏன் மாத்தினோம்?

நான் முன்னாடி சொன்ன காரணம் எதுவுமே நிக்கலைங்கிறதை ஒத்துக்கிறேன். "பணம் அனுப்ப ஸ்மார்ட்போன் வேணும்"னு சொன்னேன். 2022 மார்ச்லயே பட்டன் போனுக்குன்னு யூபிஐ 123பே வந்துடுச்சு. கேஸ் புக்கிங்கும் ஒரு மிஸ்டு கால்ல முடியுது. பேங்க் ஓடிபி சாதா எஸ்எம்எஸ்தான்.

உண்மையான காரணம் சிங்கப்பூர்ல வந்துச்சு. போன வருஷம் அக்கா பிரசவத்துக்கு அம்மா போனாங்க. சாங்கி ஏர்போர்ட்ல இறங்கி 1100-ஐ ஆன் பண்ணினா சிக்னலே இல்ல. ரோமிங் போடலைன்னு நினைச்சாங்க. பிரச்சினை அது இல்ல. 1100 ஒரு 2ஜி போன். சிங்கப்பூர்ல 2017 ஏப்ரல்லயே 2ஜி சேவையை நிறுத்திட்டாங்க. அந்த போன் எந்த டவரைத் தேடுதோ, அந்த டவர் அந்த நாட்டுலயே கிடையாது.

இது ஏன் நடக்குதுன்னா, அலைக்கற்றை அளவானது. 2ஜிக்கு ஒதுக்கின அலைவரிசையிலேயே 4ஜி போட்டா இன்னும் நிறைய பேருக்கு டேட்டா குடுக்கலாம். 2ஜில ஒரு கால்னா, பேசி முடிக்கிற வரைக்கும் உங்களுக்குன்னு ஒரு வழியைத் தனியா ஒதுக்கி வைப்பாங்க. 4ஜில குரலும் டேட்டாதான், சின்னச் சின்னப் பொட்டலமாப் போகும். அதுக்குப் பேர்தான் வோல்டே. அந்த பாஷை 1100-க்குத் தெரியாது. இந்தியாவுல சில கம்பெனிகள் இன்னும் 2ஜி நடத்துறாங்க. ஆனா 2016 செப்டம்பர்ல வந்த ஜியோவுல ஆரம்பத்துல இருந்தே 2ஜி கிடையாது.

ஊருக்குத் திரும்பி வந்த அம்மாவுக்கு இன்னொரு கவலை. பேரன் தவழ ஆரம்பிச்சுட்டான். ஞாயித்துக்கிழமை மட்டும் பக்கத்து வீட்டு அத்தை போன்ல வீடியோ கால். "அவங்க வீட்டுல விருந்தாளி இருந்தா எப்படிப் போய் கேக்குறது?"ன்னாங்க. அன்னைக்குத்தான் முதல் தடவையா அவங்களாவே சொன்னாங்க, "சரி, ஒண்ணு வாங்கிட்டு வா. ஆனா பழசு என்கிட்டயேதான் இருக்கும்."

விரல்ல இருந்த கண்ணு

புது போன் வாங்குறதுக்கு முன்னாடியே நான் ஒண்ணை யோசிச்சிருக்கணும்.

பட்டன் போன்ல 5-ம் நம்பர் மேல ஒரு சின்னப் புள்ளி புடைச்சிருக்கும், கவனிச்சிருக்கீங்களா? நம்ம லேப்டாப்ல எஃப், ஜே எழுத்து மேல இருக்குற கோடு மாதிரி. விரல் அந்தப் புள்ளியைத் தொட்டதும் மத்த பட்டன் எல்லாம் எங்கெங்க இருக்குன்னு தெரிஞ்சிடும். அம்மாவுக்கு 2-ஐ அழுத்திப் பிடிச்சா நான். 3 அக்கா. 4 பக்கத்து வீட்டு அத்தை. 5 ஆட்டோக்கார அண்ணன்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ராத்திரி கரண்ட் போயிருந்தப்ப, கொல்லையில குழாயடியில வழுக்கி விழுந்துட்டாங்க. கண்ணாடி எங்கேயோ போய் விழுந்துடுச்சு. இடுப்புல சொருகியிருந்த போனை எடுத்து, பாக்காமலே 4-ஐ அழுத்தினாங்க. அத்தை அஞ்சு நிமிஷத்துல வந்துட்டாங்க. எனக்கு விஷயம் தெரிஞ்சதே மறுநாள் காலையில, காலுக்குக் கட்டுப் போட்ட பிறகு. "600 கிலோமீட்டர் தள்ளி இருக்குறவனைக் கூப்பிட்டு என்ன பண்ண?"ன்னு கேட்டாங்க. நியாயம்தான்.

நான் வாங்கிக் குடுத்தது 12,000 ரூபாய் போன். நல்ல கேமரா, நல்ல திரை. ஆனா அது ஒரு வழவழப்பான கண்ணாடிப் பலகை. எந்த இடத்தைத் தொட்டாலும் விரலுக்கு ஒரே மாதிரிதான் இருக்கும்.

முதல் வாரம்

சென்னை வந்து சேர்ந்துட்டேன்னு சொல்ல போன் பண்ணினேன். எடுக்கல. ஏழு தடவை அடிச்சேன். பயந்து போய் அத்தைக்குப் போன் பண்ணினா, அம்மா போனுக்கு முன்னாடியேதான் உக்காந்திருக்காங்க. "அடிக்குது, தொடுறேன், தொட்டாலும் எடுக்க மாட்டேங்குது. பேசுறதுக்கு இதுல கோலமா போடணும்?"

எனக்குச் சிரிப்பு வந்துச்சு. அப்புறம் வெக்கமா இருந்துச்சு. உண்மையாவே கோலம்தான் போடணும். கால் எடுக்க விரலை இழுக்கணும்னு அம்மாவுக்கு யார் சொன்னா? பச்சைப் பட்டனை அழுத்தினா எடுக்கும். 20 வருஷமா அவங்களுக்குத் தெரிஞ்ச உலகம் அது.

இதுல ரெண்டு தொழில்நுட்ப விஷயம் இருக்கு. முதலாவது, டச் ஸ்கிரீன் அழுத்தத்தைப் பாக்குறது இல்ல. கண்ணாடிக்கு அடியில ஒரு மெல்லிய மின்புலம் இருக்கு. விரல் கிட்ட வந்தா அது மாறும், அந்த மாற்றத்தைத்தான் போன் படிக்குது. தண்ணியும் மின்சாரத்தைக் கடத்தும். அதனால பாத்திரம் கழுவுன ஈரக் கையோட தொட்டா போன் குழம்பிடும்.

ரெண்டாவது, நேரம். பட்டன்ல பழகினவங்க அழுத்தித்தான் தொடுவாங்க, ஒரு நொடி அப்படியே வச்சிருப்பாங்க. போன் அதை 'லாங் பிரஸ்'னு எடுத்துக்கிட்டு வேற மெனுவைத் திறக்கும். ஐகான் இடம் மாறும், சில சமயம் காணாமலே போகும். "நான் எதையோ கெடுத்துட்டேன்"னு அம்மா சொன்னப்ப நடந்தது இதுதான். அவங்க எதையும் கெடுக்கல.

நாங்க மாத்தின செட்டிங்ஸ்

அடுத்த சனிக்கிழமை ஊருக்குப் போய் ஒண்ணொண்ணா மாத்தினேன். உங்க வீட்டுக்கும் உதவும்.

1. ஆக்சஸிபிலிட்டி செட்டிங்ஸ்ல 'டச் அண்ட் ஹோல்ட் டிலே'ன்னு ஒண்ணு இருக்கு. அதை 'லாங்'னு வச்சோம். ஐகான் காணாமப் போற பிரச்சினை பாதி அன்னைக்கே தீர்ந்துடுச்சு.

2. கால் எடுக்குற முறை. சில போன்கள்ல வால்யூம் பட்டனை அழுத்தியே கால் எடுக்கலாம். சிலதுல இழுக்காம ஒரு தட்டு தட்டினாப் போதும்னு வைக்கலாம். பவர் பட்டனை அழுத்தினா கால் கட் ஆகுற மாதிரியும் வைக்கலாம். கைக்குத் தட்டுப்படுற பட்டனா இருந்தா நல்லது.

3. முதல் திரையில நாலே நாலு படம்: நான், அக்கா, அத்தை, ஆட்டோ அண்ணன். தொட்டா நேரா கால் போகும். கான்டாக்ட்ஸ் விட்ஜெட்ல 'டைரக்ட் டயல்'னு தேடுங்க. மத்த ஆப் எல்லாத்தையும் அந்தத் திரையில இருந்து எடுத்துட்டேன்.

4. பூட்டு. வீட்டு வேலை பாத்துத் தேய்ஞ்ச விரல், கைரேகை சரியா விழல. நாலு இலக்க பின் வச்சோம்.

5. எழுத்து அளவு பெருசு, மொழி தமிழ். தேவையில்லாத நோட்டிஃபிகேஷன் எல்லாம் ஆஃப்.

சொல்லிக் குடுக்குறப்ப ஒரு விதி வச்சுக்கிட்டேன்: போனை அவங்க கையில இருந்து நான் வாங்கக் கூடாது. வாயால மட்டும்தான் சொல்லணும். நம்மள்ல நிறைய பேர் பொறுமை இல்லாம "குடுங்க"ன்னு பிடுங்கி, நாலு தட்டு தட்டி, திருப்பிக் குடுத்துடுவோம். அதுல அவங்க கத்துக்கிறது ஒண்ணே ஒண்ணுதான்: இது தன்னால ஆகாது.

அம்மா சொன்னதுதான் சரி

பழைய சிம்மைப் புது போனுக்கு மாத்துறதுதான் என் திட்டம். அம்மா முடியாதுன்னுட்டாங்க. "இந்த நம்பர் இதுலயே இருக்கட்டும். அதுக்கு வேற நம்பர் வாங்கு." வீண் செலவுன்னு அரை மணி நேரம் வாதாடினேன்.

திரும்பி வர்றப்ப பஸ்ல யோசிச்சேன். இப்ப ஓடுற மோசடிகள்ல ஒண்ணு, வாட்ஸ்அப்ல கல்யாணப் பத்திரிகை மாதிரி ஒரு ஏபிகே ஃபைல் வரும். அதைத் திறந்து இன்ஸ்டால் பண்ணி, கேக்குற அனுமதியைக் குடுத்துட்டா, அது எஸ்எம்எஸ் எல்லாத்தையும் படிக்கும். பேங்க் ஓடிபியும் அதுல போயிடும். ஆனா அம்மாவோட பேங்க்ல இருக்குறது பழைய நம்பர். ஓடிபி வர்றது 1100-க்கு. அதுல இன்டர்நெட் கிடையாது, ஆப் போட வழி கிடையாது. ஆபீஸ்ல நாங்க காசு குடுத்துச் செய்யுற பாதுகாப்பு ஏற்பாடு மாதிரி ஒண்ணை, அம்மா பிடிவாதத்துல இலவசமா செஞ்சுட்டாங்க. இப்போதைக்குப் புது போன்ல யூபிஐயும் போடல.

இதோட மூணு விஷயத்தைப் பேப்பர்ல பெருசா எழுதி ஒட்டினோம். தெரியாத நம்பர்ல இருந்து வர்ற ஃபைலைத் தொடக் கூடாது. 'டிஜிட்டல் அரெஸ்ட்'னு ஒண்ணு சட்டத்துலயே கிடையாது, யாராவது சொன்னா கட் பண்ணிடலாம். ஏதாவது தப்பா நடந்துட்டா 1930-க்கு உடனே கூப்பிடணும்.

கடைசியா ஒண்ணு

ரெண்டு மாசத்துல அம்மா நல்லாவே பழகிட்டாங்க. அப்புறம் ஒரு அப்டேட் வந்துச்சு. கால் பண்ற திரையோட தோற்றமே மாறிப் போச்சு. அம்மா கூப்பிட்டு, "யாரோ என் போனை மாத்தி வச்சுட்டாங்க"ன்னாங்க. 1100-ல 20 வருஷமா ஒரு பட்டன் கூட இடம் மாறல.

என் வேலையே இதுதான். பட்டனை மேல இருந்து கீழ கொண்டு வரச் சொல்லி டிக்கெட் வந்தா, ரெண்டு நாள்ல முடிச்சுட்டு அடுத்ததுக்குப் போயிடுவேன். இப்ப அந்த மாதிரி டிக்கெட் வந்தா, பழைய இடத்துலயே விட்டா என்ன நஷ்டம்னு மீட்டிங்ல ஒரு தடவை கேக்குறேன். பல நேரம் மாத்தத்தான் சொல்றாங்க. ஒரு தடவை விட்டுட்டாங்க.

இப்ப நிலைமை இதுதான். புது போன் ஹால்ல, டிவி பக்கத்துல. தினம் சாயங்காலம் பேரன் அதுல தவழ்றான். ராத்திரி தலைமாட்டுல 1100. என்னைக்காவது நம்ம ஊர்லயும் 2ஜி நின்னா, 4ஜி பட்டன் போன் ஒண்ணு வாங்கித் தர்றதா வாக்குக் குடுத்திருக்கேன். அம்மா போட்ட ஒரே கண்டிஷன்: 5 மேல புள்ளி இருக்கணும்.

உங்க வீட்டுல யாருக்காவது போன் மாத்திக் குடுத்த அனுபவம் இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல கேப்போம். டேட்டாபேஸ் இண்டெக்ஸும் கண்டிப்பா வரும்.