சட்டக்கல்லூரியை பார்க்க போறீங்களா? கேட்டிலேயே நல்ல பெயர் எடுப்பது எப்படி!

நெல்லை:

பிளஸ்-2 ரிசல்ட் வந்த கையோடு என்ஜினீயரிங், மருத்துவம் என்று ஒரு கூட்டம் ஓடும். "எனக்கு கறுப்பு கோட்டுதான் வேணும்" என்று அடம்பிடிக்கும் மாணவ-மாணவிகளும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட பிள்ளையை அழைத்துக்கொண்டு அப்பாவோ, அம்மாவோ, தாய்மாமாவோ சட்டக்கல்லூரி வாசலுக்கு வருவது ஆண்டுதோறும் நடப்பதுதான். வீட்டில் முதல் பட்டதாரி ஆகப்போகிற பிள்ளை என்றால் பதற்றம் இரட்டிப்பாகி விடும். என்ன உடை போடுவது? யாரை பார்ப்பது? என்ன பேசுவது? தப்பாக ஏதாவது பேசி சீட் போய்விடுமோ என்று கூட பயப்படுகிறார்கள்.

அந்த பயம் தேவை இல்லை. ஆனால் கவனம் தேவை. அதுபற்றிய விவரம் வருமாறு:-

சீட் கொடுப்பது மார்க்தான்

தமிழ்நாட்டில் அரசு சட்டக்கல்லூரிகள் டாக்டர் அம்பேத்கர் சட்டப்பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகின்றன. 1996-ம் ஆண்டு தொடங்கப்பட்ட நெல்லை அரசு சட்டக்கல்லூரியும் இதில் ஒன்று.

5 ஆண்டு படிப்புக்கு பிளஸ்-2 மதிப்பெண்ணை வைத்து தரவரிசை பட்டியல் தயாராகிறது. இட ஒதுக்கீட்டின்படி கலந்தாய்வு மூலம் இடம் ஒதுக்கப்படுகிறது. நுழைவுத்தேர்வு கிடையாது. பட்டப்படிப்பு முடித்தவர்களுக்கு 3 ஆண்டு படிப்பு இருக்கிறது.

திருச்சி நாவலூர்குட்டப்பட்டில் உள்ள தேசிய சட்டப்பல்கலைக்கழகம் தனி வழி. அங்கே சேர 'கிளாட்' என்ற அகில இந்திய நுழைவுத்தேர்வு எழுத வேண்டும்.

ஆகவே முதல்வர் அறையில் கும்பிடு போட்டு, கண் கலங்கி சீட் வாங்க முடியாது. ஆபீசில் இருப்பவர் நினைத்தாலும் பட்டியலை தாண்டி கொடுக்க முடியாது. அப்படியானால் நல்ல பெயர் எதற்கு என்று கேட்கலாம். 5 வருஷம் அந்த ஆபீசோடும், அந்த ஆசிரியர்களோடும்தான் காலம் தள்ள வேண்டும். முதல் நாள் நடந்துகொண்ட விதம் அவர்கள் மனதில் நிற்கும்.

பைலில்தான் பாதி மரியாதை

சட்டக்கல்லூரி என்பது காகிதம் பேசுகிற இடம். சான்றிதழை பிளாஸ்டிக் கவரில் சுருட்டி, தேடித் தேடி எடுப்பவரை பார்த்தால் ஆபீசில் முகம் சுளிப்பார்கள். வரிசைப்படி அடுக்கிய பைலை நீட்டினால் வேலை 5 நிமிடத்தில் முடியும்.

எஸ்.எஸ்.எல்.சி., பிளஸ்-2 மதிப்பெண் பட்டியல், மாற்று சான்றிதழ் என்ற டி.சி., சாதி சான்றிதழ், நன்னடத்தை சான்று ஆகியவற்றை மேலே வைக்க வேண்டும். முதல் பட்டதாரி சான்று, வருமான சான்று தேவைப்படுவோர் அதையும் சேர்க்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 4, 5 ஜெராக்ஸ் எடுத்துக்கொள்வது நல்லது. ஒரிஜினலை கல்லூரியில் ஒப்படைத்துவிட்டால் பிறகு ஸ்காலர்ஷிப்புக்கு ஜெராக்ஸ்தான் கைகொடுக்கும்.

அரசு பள்ளி மாணவர்கள் இன்னொன்றையும் மறக்கக்கூடாது. 2021-ம் ஆண்டு சட்டப்படி 7.5 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு சட்டப்படிப்புக்கும் உண்டு. 6-ம் வகுப்பு முதல் பிளஸ்-2 வரை அரசு பள்ளியில் படித்ததற்கான சான்றை தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும்.

எஸ்.எஸ்.எல்.சி.யில் ஒரு இனிஷியல், சாதி சான்றிதழில் வேறு இனிஷியல் என்று இருந்தால் இப்போதே சரிசெய்ய வேண்டும். கடைசி நாளில் ஓடினால் தாலுகா ஆபீசில் வரிசை முடியாது.

கறுப்பு கோட்டு இப்போ வேண்டாம்

வக்கீலுக்கு படிக்கப் போகிறோம் என்று கோட்டு, டை எல்லாம் தேவை இல்லை. துவைத்து இஸ்திரி போட்ட சாதாரண சட்டை-பேண்ட், சுடிதார், சேலை போதும். புதுசு வாங்க கடன் வாங்கவும் வேண்டாம். செல்போனை சைலண்டில் போட்டுவிட்டு உள்ளே போவது முக்கியம்.

காலை ஆபீஸ் திறக்கும் நேரத்துக்கே போய்விட வேண்டும். மதியம் சாப்பாட்டு நேரத்தில் போய் நின்றால் நமக்கும் கோபம், அவர்களுக்கும் கோபம்.

நல்ல பெயர் தொடங்குவது கேட்டில்தான். வாட்ச்மேனிடம் "ஏய், ஆபீஸ் எங்க இருக்கு?" என்று கேட்பவருக்கும், "அண்ணாச்சி, அட்மிஷன் விவரம் கேட்கணும், எங்க போகணும்?" என்று கேட்பவருக்கும் கிடைக்கும் பதில் வேறு. உள்ளே ஆண் அலுவலர் என்றால் 'சார்', பெண் என்றால் 'மேடம்'. இது போதும். காலில் விழ வேண்டாம், கூழைக்கும்பிடும் வேண்டாம்.

பேச வேண்டியது பிள்ளை

பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான். "உன் பேரு என்னப்பா?" என்று பேராசிரியர் பிள்ளையிடம் கேட்டால், அப்பா முந்திக்கொண்டு பதில் சொல்வார். பிள்ளை தரையை பார்த்துக்கொண்டு நிற்கும்.

நாளைக்கு கோர்ட்டில் நின்று பேசப்போகிற பிள்ளை இங்கே நாலு வார்த்தை பேசட்டும். தமிழில் பேசினாலே போதும். இங்கிலீஷ் வரவில்லை என்று வெட்கப்பட வேண்டாம். தெரியாததை "தெரியாது மேடம், தெரிஞ்சுக்கிறேன்" என்று சொல்பவருக்கு மரியாதை கூடும்.

"ஏன் சட்டம் படிக்க வர்றே?" என்று கேட்டால் சினிமா வசனம் வேண்டாம். சொந்த ஊரில் பார்த்த ஒரு நிலத்தகராறு, கூலி பாக்கி என்று உண்மையான காரணத்தை சொன்னாலே போதும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

"சார், பாஸ் பண்றது ஈசியா?" என்று கேட்டால் அங்கேயே மதிப்பு இறங்கிவிடும். கீழ்க்கண்டவற்றை கேட்டால் 'விவரமான பிள்ளை' என்று பெயர் வரும்:-

வருகைப்பதிவு எப்படி? இந்திய பார் கவுன்சிலின் 2008-ம் ஆண்டு விதிகள் ஒவ்வொரு பாடத்துக்கும் 70 சதவீத வருகையை சொல்கின்றன.

மாதிரி நீதிமன்ற பயிற்சி எத்தனை முறை நடக்கும்? வக்கீல், கோர்ட்டு பயிற்சிக்கு கல்லூரி ஏற்பாடு செய்யுமா? 5 ஆண்டு படிப்பில் மொத்தம் 20 வாரம், 3 ஆண்டு படிப்பில் 12 வாரம் பயிற்சி இருக்க வேண்டும் என்பது விதி.

நூலகம் எத்தனை மணி வரை திறந்திருக்கும்? வெளியூர் மாணவிகளுக்கு ஹாஸ்டல் உண்டா?

ஆபீசில் கேட்டது போதாது. மரத்தடியில் நிற்கும் சீனியர்களிடமும் "அண்ணா, கிளாஸ் ஒழுங்கா நடக்குதா?" என்று கேட்க வேண்டும். சரியான தகவல் அங்கேதான் கிடைக்கும்.

கேட்கவே கூடாத கேள்வி

சட்டக்கல்லூரி என்றாலே அடிதடி என்று பல பெற்றோர் பயப்படுகிறார்கள். 2008-ம் ஆண்டு நவம்பர் 12-ந்தேதி சென்னை சட்டக்கல்லூரியில் போலீசார் கண்ணெதிரே மாணவர்கள் மோதிக்கொண்ட காட்சி டி.வி.யில் ஓடியதை யாரும் மறக்கவில்லை. அந்த கல்லூரி 2018-ல் இரண்டாக பிரிக்கப்பட்டு புதுப்பாக்கம், பட்டரைபெரும்புதூருக்கு மாற்றப்பட்டது.

அந்த மோதலுக்கு பின்னால் இருந்தது சாதி. ஆகவே கல்லூரிக்குள் கால் வைத்ததும் "நம்ம ஆளுங்க எத்தனை பேர் இருக்காங்க?" என்று விசாரிப்பது மகா தப்பு. அப்பா விளையாட்டாக கேட்டாலும், பிள்ளை மேல் முதல் நாளே ஒரு முத்திரை விழுந்துவிடும். 5 வருஷம் அதை அழிக்க முடியாது. ராகிங் பற்றிய பயம் இருந்தால் அதை நேரடியாகவே கேட்கலாம். 1997 முதல் தமிழ்நாட்டில் ராகிங் தடை சட்டம் அமலில் இருக்கிறது.

புரோக்கர்... உஷார்!

வாசலிலோ டீக்கடையிலோ "சீட் நான் வாங்கித் தர்றேன், கொஞ்சம் செலவாகும்" என்று ஒருவர் ஒட்டிக்கொண்டால் அங்கிருந்து நகர்ந்துவிட வேண்டும். நன்கொடை வாங்குவதை தடுக்க 1992-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. சட்டம் படிக்க போகும்போதே சட்டத்தை மீறினால் எப்படி?

"வெளிமாநில காலேஜ், கிளாசுக்கே போக வேண்டாம், பரீட்சை மட்டும் எழுதினா போதும்" என்பார்கள். இதில்தான் குடும்பத்தின் காசும், பிள்ளையின் வருஷமும் சேர்ந்து போகிறது. தபால் வழியில் படித்த சட்டப்பட்டத்தை வைத்து வக்கீலாக பதிவு செய்ய முடியாது.

தனியார் கல்லூரியை பார்க்கப் போனால், இந்திய பார் கவுன்சில் அங்கீகாரம் எந்த ஆண்டு வரை இருக்கிறது என்று கடிதத்தை காட்டச் சொல்லலாம். தப்பே இல்லை. பணிவாக கேட்டால் போதும். காட்ட தயங்கினால் அதுவே பதில். பார் கவுன்சிலின் பட்டியலிலும் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

பிள்ளையின் தகுதியையும் வீட்டிலேயே பார்த்துவிட வேண்டும். பார் கவுன்சில் விதிப்படி குறைந்தபட்ச மதிப்பெண் பொதுப்பிரிவுக்கு 45 சதவீதம், இதர பிற்பட்டோருக்கு 42, எஸ்.சி., எஸ்.டி. பிரிவுக்கு 40.

வேலை முடிந்து கிளம்பும்போது, உதவி செய்தவருக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டு வர வேண்டும். வாட்ச்மேனுக்கும் சேர்த்துத்தான். அட்மிஷன் அன்று மறுபடியும் அந்த கேட் வழியாகத்தான் போக வேண்டும்.