உழவு யந்திரம் கொதித்தலும் ஹெட் காஸ்கற் பழுதும்

பெரும்போக உழவின் நடுவே உழவு யந்திரத்தின் றேடியேற்றர் கொதித்தால், உடனே ஹெட் காஸ்கற் மீது பழி சுமத்துவோர் பலர். அதனை நம்பி எஞ்சினைக் கழற்றுவிக்குங் கமக்காரர், வயலின் ஈரங் கழியும்வரை யந்திரமின்றி இருக்க நேரிடும். காஸ்கற் உண்மையாகவே பழுதாயிருக்க, கவனியாது ஓட்டினாலோ சிலிண்டர்த் தலையே வளைந்துவிடும். ஆகவே காரணத்தை முதலில் அறிதல் வேண்டும்.

எஞ்சின் உடலுக்கும் சிலிண்டர்த் தலைக்கும் இடையே இறுக்கி வைக்கப்பட்ட மெல்லிய தட்டே ஹெட் காஸ்கற் ஆகும். எரிவாயு, நீர், எண்ணெய் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று கலவாமற் காப்பது இதுவே.

கொதித்தவுடன் மூடியைத் திறத்தலாகாது. சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் அழுத்தந் தாங்கும் மூடியின் கீழ் நீர் ஏறக்குறைய 111 பாகை சதமளவை வரை கொதியாதிருக்கும். திறந்ததுஞ் சீறியெழுந்து முகத்தைச் சுடும். சூடான எஞ்சினிற் குளிர்நீர் ஊற்றினால் இரும்பு வெடிக்கவுங் கூடும்.

எஞ்சின் ஆறியபின், விசிறிப் பெல்ற் தளர்ந்துளதா, ரப்பர்க் குழாய்கள் கசிகின்றனவா, மூடியின் வாசர் தேய்ந்துளதா, றேடியேற்றரின் இடைவெளிகளிற் சேறும் பதரும் அடைத்துளவா என்று பார்க்க. சூடடிக்குங் களத்தில் நின்ற யந்திரத்துக்குப் பதரே பெரும்பகை.

இவற்றிற் குறையில்லாதிருந்தும், வெளியே ஒழுக்கின்றி நீர் குறைந்துகொண்டே வருமாயின் காஸ்கற் மீது ஐயங்கொள்ளலாம். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கையில் மூடியைத் திறந்து, நீரை நிரப்பி, எஞ்சினை இயக்குக. முதலில் எழுஞ் சில குமிழிகள் உள்ளே அடைபட்ட காற்றாகலாம். அவை ஓயாது தொடர்ந்து, வேகத்தைக் கூட்டுந்தோறும் மிகுமாயின், சிலிண்டர் வாயு நீருட் புகுகின்றது என்பது பெரும்பாலும் உறுதி. நீர் சூடேறுமுன் இச்சோதனையை முடித்தல் வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் மூடியை இட்டு இயக்கிய சிறிது நேரத்துள் றேடியேற்றரின் மேற்குழாய் கல்லைப்போல் இறுகுவதும் இதன் குறியே.

எண்ணெயையும் பார்த்தல் அவசியம். இரவு முழுதும் ஓய்ந்திருந்த எஞ்சினை இயக்குமுன், எண்ணெய்த் தொட்டியின் அடியிலுள்ள திருகாணியைச் சற்றே தளர்த்துக. நீர் எண்ணெயிலும் பாரமானதாகையால், கலந்திருந்தால் முதலில் வெளிவரும். பாற்றேநீர் போன்ற எண்ணெயும் இதனையே உணர்த்தும். எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் மட்டுஞ் சிறிது வெண்படலங் காணப்படின், அது குறுகிய ஓட்டத்தால் உண்டான ஈரமாகவும் இருக்கலாம். தொட்டியில் நீர் கண்டால், திருத்தும்வரை எஞ்சினை இயக்கவே கூடாது, பெயாரிங்குகள் கெடும். புகைக்குழாயிற் காலையில் தோன்றும் ஆவி குற்றமன்று. எஞ்சின் சூடேறிய பின்னும் நில்லாத வெண்ணாவியே கவனித்தற்குரியது.

திருத்துபவர் புதிய காஸ்கற் போட்டால் மட்டும் போதாது. தலை வளைந்துளதா, வெடித்துளதா என்றுஞ் சோதிப்பித்தல் வேண்டும். வெடிப்பும் இதே குறிகளைக் காட்டும். தலையின் திருகாணிகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, பல தடவையாக, யந்திரத்தின் கைந்நூல் கூறும் ஒழுங்கிலும் அளவிலும் இறுக்குவித்தல் வேண்டும். முதற் காஸ்கற் பழுதானமைக்குப் பதர் அடைத்த றேடியேற்றரே காரணமாயின், அதனைத் துப்புரவாக்காது பூட்டிய புதியதும் அவ்வாறே பழுதாகும்.