கொட்டகை இருந்த இடம்

தாம்பரம் பக்கம் குடியிருக்கும் சகோதரிகளே, எம்.ஆர்., நேஷனல் என்று சொல்லிப் பாருங்கள். உங்கள் மாமியார் முகம் மலர்கிறதா, இல்லையா? இரண்டும் சினிமாக் கொட்டகைகள். இன்று இரண்டிலும் படம் இல்லை.

மவுண்ட் ரோடுக்கு அதிர்ஷ்டம் உண்டு. 1913-ல் வார்விக் மேஜர் என்ற வெள்ளைக்காரர் ஆரம்பித்த எலெக்ட்ரிக் தியேட்டர் கட்டிடம் தபாலாபீஸ் காம்பவுண்டுக்குள் இன்னும் நிற்கிறது. 1914-ல் ரகுபதி வெங்கையா கட்டிய கெயிட்டி இடிபட்டாலும் அதன் பெயர் புத்தகங்களில் ஏறிவிட்டது. புறநகர்க் கொட்டகைக்கு அந்தப் பாக்கியம் ஏது?

தஸ்தாவேஜு தேடலாமென்றால் தலை சுற்றுகிறது! அன்று பட்டணத்துக் கொட்டகைகளுக்கு லைசென்ஸ் கொடுத்தவர் போலீஸ் கமிஷனர். தாம்பரத்துக்கோ ஜில்லா கலெக்டர். அந்த ஜில்லாவும் செங்கற்பட்டாக இருந்து, 1997-ல் காஞ்சிபுரமாகி, 2019-ல் மறுபடி செங்கற்பட்டாயிற்று.

ஆகவே பாட்டிமார்களைக் கேளுங்கள். நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள். சொல்ல ஆள் குறைந்துகொண்டே வருகிறது. ஆனால் ஓர் எச்சரிக்கை. ‘பாசமலர்’ பார்த்ததாகப் பாட்டி சொன்னால், உடனே 1961 என்று குறித்துவிடாதீர்கள். பட்டணத்தில் ஓடி ஓய்ந்த பிறகுதான் படப்பெட்டி புறநகருக்கு வரும். மாதக் கணக்கில் தாமதமாகும். அதைவிட, அன்று மடியில் இருந்த கைக்குழந்தை யார் என்று விசாரியுங்கள். வருஷம் தானே வந்துவிடும்.

என் அத்தை இப்படித்தான் தன் மூத்த பிள்ளையை வைத்து ஒரு கொட்டகைக்குக் கணக்குச் சொன்னாள். படத்தின் முடிவுதான், பாவம், அவளுக்கு இன்றுவரை தெரியாது. பிள்ளை வீறிட்டு அழ, பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து வெளியே வந்துவிட்டாளாம்.