ஒருநாட் செலவு

‘செலவு’ என்னும் சொல்லுக்குத் தமிழில் இருபொருள் உண்டு. கைப்பொருளைக் கொடுப்பதும் செலவே. ஓரிடத்திற்குச் செல்வதும் செலவே. இவ்விரண்டும் எப்போதும் ஒருங்கே பெருகும் என்று கருதி, கையிற் பொருளில்லாதார் பலர் விடுமுறை நாளில் வீட்டிலேயே முடங்கிக் கிடக்கின்றனர். பேருந்துக் கட்டணமும் கட்டுச்சோறும் கொண்டே ஒரு நாளை இனிது கழிக்கலாம் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம்.

மதுரைக்கு மேற்கே 10, 15 கிலோமீட்டர் தொலைவில் கீழக்குயில்குடி என்னும் சிற்றூர் இருக்கின்றது. அதனை அடுத்துள்ளது சமணர்மலை. மலையின் அடியில் தாமரைக் குளமும், ஐயனார் கோயிலும், நிழல் பரப்பும் ஆலமரங்களும் உள்ளன. பாறையில் வெட்டிய படிகளின் வழியே ஏறினால் பேச்சிப்பள்ளம் என்னும் இடத்தை அடையலாம். அங்கே ஒரு சுனை உண்டு. அதன் அருகில் தீர்த்தங்கரர் முதலியோருடைய திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பெற்றுள்ளன. அவை ஏறத்தாழ 1,100 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. மலையின் மற்றொரு பக்கத்தில் செட்டிப்புடவு என்னும் குகையும், அதன் முகப்பில் அமர்ந்த கோலத்தில் பெரிய தீர்த்தங்கரர் உருவமும் உள்ளன. 2012-ஆம் ஆண்டில் இம்மலையில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டொன்றும் கண்டறியப்பட்டது.

இங்குச் செல்ல ஏற்ற காலம் மழை ஓய்ந்த மார்கழி, தைத் திங்கள்கள். கோடையில் பாறை சுடும். ஆதலின் அக்காலத்தில் செல்வோர் விடியலிலேயே ஏறி, வெயில் ஏறுமுன் இறங்கிவிடுதல் வேண்டும். சாய்ந்த வெயில் கண்ணுக்கும் உதவும். கதிரவன் ஒளி சரிந்து விழும்போது எழுத்தின் பள்ளங்களில் நிழல் தங்கும். அப்போது கல்வெட்டுத் தெளிவாகத் தோன்றும். உச்சிப்பொழுதில் அதே எழுத்து மங்கிவிடும்.

இளம்பருவத்தினரை அழைத்துச் செல்லும் பெரியோர் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். பதினைந்து வயதுப் பிள்ளையைக் கைக்குழந்தைபோல் நடத்தினால் அவனுக்குச் சலிப்பே மிகும். வழியும் பேருந்து நேரமும் கேட்டறிவதை ஒருவரிடம் விடுக. பணப்பையையும் கணக்கையும் மற்றொருவரிடம் ஒப்படைக்க. ‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்னும் பழமொழியின் பொருள் அன்று அவருக்கு விளங்கும். புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டும் பணியில் ஆண்பிள்ளைகளும் பங்கு கொள்க. ஒரு பேருந்து தவறினால்தான் என்ன? அடுத்தது வரும், அதற்குள் பொறுப்பு இன்னதென்னும் அறிவும் வரும். குளம், சுனை, வழுக்குப் பாறை ஆகியவற்றின் அருகில் மட்டும் பெரியோர் சொல்லே முடிவானது.

புறப்படுமுன் செய்யத்தக்க பணி ஒன்றும் உண்டு. பேச்சிப்பள்ளத்துக் கல்வெட்டுகளின் மொழி தமிழே. ஆயினும் அவை வட்டெழுத்தில் அமைந்தவை. அவ்வெழுத்தின் வடிவங்களை நூலகத்தில் உள்ள நூலைப் பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொள்க. அத்தாளுடன் பாறைமுன் நின்று, ‘இது தகரமா? இது மகரமா?’ என்று தேடுங்கள். ஓர் எழுத்துப் பிடிபட்டதும் உண்டாகும் மகிழ்ச்சியை எந்தக் கட்டணம் கொடுத்தும் பெற இயலாது. எழுத்தின்மீது சுண்ணக்கட்டி தீட்டலாகாது; அது கல்லுக்குக் கேடு.

அங்குள்ள கல்வெட்டுகளுள் ஒன்று, அச்சணந்தி என்னும் துறவியின் தாயார் குணமதியார் ஒரு திருமேனியைச் செய்வித்தார் என்று கூறுகின்றது. அத்தாயின் பெயரை நாம் இன்றும் அறிகின்றோம். இத்தகைய மலைகள் பலவற்றில் வேறு வகைப் பெயர்களும் உண்டு. வந்தவர் சிலர் தம் பெயரை ஆணியாலும் வண்ணத்தாலும் பொறித்துச் சென்றுள்ளனர். குணமதியார் ஒன்றைச் செய்வித்துப் பெயர் பெற்றார். இவரோ செய்ததைச் சிதைத்துப் பெயர் எழுதினர். சிதைந்த எழுத்தை மீண்டும் பெறுதல் எவர்க்கும் இயலாது.

உண்டபின் இலையையும் தாளையும் திரட்டி உடன் கொண்டு வருக. மாலையில் வீடு திரும்பியதும் கணக்கை எழுதிப் பாருங்கள். கைப்பொருட்செலவு சிறிதாகவே இருக்கும். பெற்றோரும் பிள்ளைகளும் ஒரு பகல் முழுதும் உடன் நடந்து, உடன் உண்டு, ஒன்றையே நோக்கி நின்ற இன்பம் அக்கணக்கில் இடம்பெறாது.

மாணவர்களே! உங்கள் ஊர்க்கு அருகிலும் ஒரு குன்றோ, ஏரியோ, பழங்கோயிலோ இருக்கும். வரும் விடுமுறையில் பெற்றோரை நீங்களே அழைத்துச் செல்லுங்கள்.